வண்டிக்கு வாய் எங்கே?

வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலை. அதன் வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவர், எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் பின்னால் போய்க் குனிவார். சைலன்சர் முனையில் பொறி தடுப்பான் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால்தான் சங்கிலியை இறக்குவார். முதலாளியின் கார் என்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, வெறும் அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பேட்டரி லோடு ஆட்டோ ஒன்று அந்த வாசலுக்கு வந்தது. பெரியவர் வழக்கம்போல் குனிந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார்.

"சைலன்சர் எங்கப்பா?"

"இதுக்கு சைலன்சரே கிடையாது அண்ணாச்சி. பேட்டரி வண்டி."

"அப்ப பொறி தடுப்பான்?"

"சைலன்சரே இல்லாத வண்டியில எங்க மாட்டுறது?"

பெரியவர் சங்கிலியை இறக்கவில்லை. ஆலையின் வேனில் செல்ஃப் எடுக்கவில்லை என்று, ஆட்டோ எலக்ட்ரீஷியனான என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே வேலையில் இருந்தேன். போர்மேன் வந்து கூப்பிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. இது பொறி வராத வண்டிதான?"

சைலன்சர் வழியாகப் பொறி வராது என்பது உண்மை. ஆனால் சாவியைத் திருப்பியதும் இருக்கைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கான்டாக்டர் சேரும் சத்தம் அது. பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த இரண்டு செப்பு முனைகள் வழியாகத்தான் போகிறது. சேரும்போதும் பிரியும்போதும் அங்கே பொறி பறக்கும். கேபிள் முனை கொஞ்சம் லூசாக இருந்தாலும் பறக்கும். உள்ளே மருந்துக் கலவை அறையில் மின்விளக்கே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக வேண்டும் என்று வாசலில் செப்புத் தகடு பதித்து, அதைத் தொட்ட பிறகுதான் ஆளையே உள்ளே விடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இந்த வண்டியை விடக்கூடாது என்றேன். பெட்டிகளை வாசல் குடோனிலேயே இறக்கி, தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள்.

பெரியவர் நிறுத்தியது சரிதான். அவருக்கு அந்த வண்டி என்ன வகை என்று தெரியாது. தெரியாததை உள்ளே விடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான், எது கரண்டு வண்டி, எது ஹைப்ரிட், எது பெயருக்கு ஹைப்ரிட் என்று கேட்பவர்களிடம் உட்கார்ந்து முன்னைவிட விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் தொழிலுக்கு வந்தது 1986-ல். ராமநாதபுரத்திலிருந்து விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பத்தாவது முடித்த கையோடு, விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். பருப்பும் வத்தலும் எண்ணெயும் ஏற்ற வரும் லாரிகள் எங்களுக்கு முக்கியமான வேலை. அம்பாசடர்களும் மட்டடோர் வேன்களும் வரும். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, ஹைட்ரோமீட்டரில் ஆசிட் பார்ப்பது, கார்பன் பிரஷ் மாற்றுவது, ஆர்மேச்சர் காயில் கட்டுவது. ஆசிட் தெறித்து ஓட்டையாகாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை.

முதல் மாதத்தில் முதலாளி எனக்கு ஒன்று காட்டினார். அம்பாசடரில் இருந்து கழற்றிய டைனமோவை மேசையில் வைத்தார். இன்ஜின் சுற்றினால் இது சுற்றும், சுற்றினால் கரண்டு கொடுக்கும். அது வரைக்கும் எனக்கும் தெரியும். அவர் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதற்கும், இன்னொன்றை டைனமோவின் உடம்புக்கும் கொடுத்தார். மேசையில் கிடந்த டைனமோ தானே சுற்ற ஆரம்பித்தது. பெல்ட் இல்லை, இன்ஜின் இல்லை.

"டைனமோவும் மோட்டாரும் வேற வேற இல்லப்பா. யாரு யாரைச் சுத்துறாங்கன்னு பாரு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

ரிப்பேருக்கு வந்த டைனமோ நல்லதா கெட்டதா என்று பார்க்க எல்லாப் பட்டறையிலும் செய்கிற சோதனைதான் அது. பல வருஷம் கழித்து ஹைப்ரிட் கார்கள் வந்தபோது, எனக்கு வகுப்பு எடுக்க வந்த எந்த இன்ஜினியரும் அந்த மேசையைத் தாண்டி எனக்கு அடிப்படையாக எதையும் புதிதாகச் சொல்லவில்லை. ஒரே இயந்திரம், தள்ளும்போது மோட்டார், பிரேக் பிடிக்கும்போது டைனமோ. ஹைப்ரிட்டும் அதுதான், கரண்டு வண்டியும் அதுதான்.

சொந்தமாகச் சிவகாசியில் பட்டறை போட்ட பிறகு, 2007, 2008 வாக்கில் முதல் பேட்டரி ஸ்கூட்டர்கள் என் வாசலுக்கு வந்தன. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள். அதில் பொய் இல்லை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் குறைவாக, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. ஆசிட் பேட்டரி நாலு, 12 வோல்ட் வீதம் 48 வோல்ட். பள்ளிக்கூட டீச்சர்கள் வாங்கினார்கள், வயதானவர்கள் வாங்கினார்கள், தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுபவர் ஒருவர் வாங்கினார்.

அப்புறம் மின்வெட்டு வந்தது. 2012-ல் எங்கள் ஊரில் கரண்டு இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அச்சகங்கள் ஜெனரேட்டரில் ஓடின. டீசல் ஜெனரேட்டர் போட்டு, அதிலிருந்து பேட்டரி ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்றிய ஒரு அச்சக முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். பாதி சார்ஜிலேயே ஓட்டி ஓட்டி, ஒரே வருஷத்தில் பேட்டரிகள் செத்தன. புது செட் வாங்குகிற விலையைக் கேட்டதும் பலர் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். என் பின்கட்டில் செத்த பேட்டரிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. அதற்குச் சாப்பாடு போடும் கம்பி ஊரில் சரியில்லை. கரண்டு வண்டி வாங்குகிறவர் தன் வீட்டுப் பிளக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்பதை அந்தக் குவியல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

2015-ல் டீசல் கார்களின் பின்கதவில் 'ஹைப்ரிட்' என்ற எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த ஏப்ரலில்தான் மத்திய அரசு மின்வாகனங்களுக்கும் ஹைப்ரிட்டுக்கும் மானியம் தரும் ஃபேம் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. லேபிள் அச்சடிக்கும் அச்சகக்காரர் ஒருவர் அப்படி ஒரு கார் வாங்கி, வாங்கிய வாரமே என்னிடம் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, சார்ஜ் போடுற பிளக்கு எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாத்துட்டேன். நீங்க பாருங்க."

நான் பானெட்டைத் திறந்து காட்டினேன். பிளக் கிடையாது. ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று, பெல்ட்டில் கோர்த்து உட்கார்ந்திருந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணையும். கிளட்சை மிதித்ததும் அது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும். வேகம் எடுக்கும்போது பெல்ட் வழியாக இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். பிரேக் பிடித்தால் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும். ஆனால் அது மட்டும் தனியாகக் காரை ஓரடிகூட நகர்த்தாது. மைல்ட் ஹைப்ரிட் என்பது இதுதான். டீசல் மிச்சமாகும், பொய்யில்லை. ஆனால் அது டீசல் கார்.

அவர் முகம் வாடிப்போனது. நான் அவரிடம், "நீங்க லேபிள் அடிக்கிறவங்க. பெட்டி மேல இருக்கிற படத்தைப் பாத்தா உள்ள இருக்கிற வெடியோட சத்தம் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அப்ப வண்டி வாங்கும்போது எதைப் பாக்கணும்னு சொல்லுங்க."

அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். வண்டிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல், டீசல் ஊற்றும் வாய் மட்டும் இருந்தால், பின்னால் என்ன எழுதியிருந்தாலும் அதற்குச் சாப்பாடு பங்க்கிலிருந்துதான். உள்ளே ஓடும் கரண்டும் நீங்கள் ஊற்றிய பெட்ரோலில் இருந்து பிறந்ததுதான். ஓட ஓடத் தானே சார்ஜ் ஆகும் என்று சொல்வார்கள்; தானே ஆவதில்லை, உங்கள் காசில் ஆகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியைப் பிடித்துத் திருப்பிப் போடுகிறது, அந்தச் சாமர்த்தியம் மட்டும் இலவசம். பிளக் மாட்டும் வாய் மட்டும் இருந்தால் கரண்டு வண்டி. இரண்டு வாயும் இருந்தால் பிளக்-இன் ஹைப்ரிட். அந்த வகை எங்கள் பக்கம் அபூர்வம்.

2017 ஏப்ரலில் மைல்ட் ஹைப்ரிட்டுக்கு ஃபேம் மானியம் நின்றது. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹைப்ரிட் கார்களுக்கு 28 சதவீதம், அதன்மேல் 15 சதவீதம் செஸ். பேட்டரி வண்டிக்கு 12. அதுவும் 2019 ஆகஸ்டில் 5 ஆகக் குறைந்தது. ஹைப்ரிட் என்ற ஒரே சொல்லை நம்பி, மானியம் உண்டென்று கணக்குப் போட்டவர்கள் பாடு கஷ்டமாகிவிட்டது.

2018-ஐ சிவகாசியில் யாரும் மறக்க முடியாது. அந்த ஆகஸ்டில், பேட்டரி வண்டிக்குப் பச்சை நம்பர் பலகை என்று அறிவிப்பு வந்தது. சொந்த வண்டிக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. மோட்டார் வாகன விதியில் பேட்டரி வாகனம் என்பதற்குச் சொல்லியிருப்பதில் 'மட்டுமே' என்பது இரண்டு முறை வருகிறது. மின்மோட்டாரால் மட்டுமே ஓட வேண்டும், அந்த மோட்டாருக்கு வண்டியிலுள்ள பேட்டரியிலிருந்து மட்டுமே சக்தி வர வேண்டும். எவ்வளவு பெரிய ஹைப்ரிட் ஆனாலும் அந்த இரண்டு 'மட்டுமே'யில் தட்டி நின்றுவிடும். அதற்கு வெள்ளைப் பலகைதான்.

அதே ஆண்டு அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும், பேரியம் உப்புக் கூடாது. நவம்பரில் அடைத்த ஆலைகள் பல மாதம் திறக்கவில்லை. விடிகாலையில் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை ஏற்றிவரும் வேன்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டன. ஓடாத வண்டியில் முதலில் சாவது பேட்டரிதான். அந்தக் காலத்தில் என் பட்டறைக்கு வந்ததெல்லாம் நின்று நின்று வெள்ளை பூத்த பேட்டரிகள். பேட்டரியை மாற்றக் காசு இல்லாத டிரைவரிடம் கூலி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு நாக்பூர் நீரி நிறுவனத்தின் கலவை முறைகள் வந்தன, ஆலைகள் திறந்தன, பெட்டிகளில் பச்சை முத்திரை ஏறியது. பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராத பட்டாசு என்று வெளியூரில் நினைக்கிறார்கள். குறைந்தது 30 சதவீதம் மாசு குறைந்த பட்டாசு என்றுதான் அதற்கு அர்த்தம். குறைவதும் இல்லாமல் போவதும் வேறு வேறு. குறைத்ததற்குள்ள மரியாதையைக் கொடுக்க வேண்டும். இல்லாமலே போய்விட்டது என்று சொல்லக்கூடாது. ஹைப்ரிட் காரைப் பற்றியும் என் அபிப்பிராயம் இதுதான். கரண்டு வண்டிக்கும் இதைச் சொல்ல வேண்டும். அதன் பின்னால் புகை வராது. ஆனால் அந்தக் கரண்டில் ஒரு பங்கு கயத்தாற்றுக் காற்றாலையிலிருந்து வந்தால், இன்னொரு பங்கு தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருகிறது.

2022-ல்தான் உண்மையான ஹைப்ரிட் எங்கள் தெருவுக்கு வந்தது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி என மூன்றும் அந்த ஆண்டு வந்தவை. ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்பார்கள். இதில் மோட்டார் மட்டும் தனியாகவே காரை ஓட்டும். தேவைப்படும்போது இன்ஜின் சேர்ந்துகொள்ளும். ஆனால் எவ்வளவு தூரம்? ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட் பிடிக்கும். 2020-ல் வந்த முதல் நெக்ஸான் மின்காரில் இருந்தது 30.2 யூனிட், அதாவது ஏறக்குறைய 40 மடங்கு. நம் சாதாரண காரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியே கிட்டத்தட்ட 0.4 யூனிட் பிடிக்கும். ஹைப்ரிட்டின் பேட்டரி அதைப் போல இரண்டு மடங்குதான். அது சேமித்து வைக்கும் குதிர் இல்லை, வருவதும் போவதுமான கல்லாப்பெட்டி.

கொள்ளளவு சின்னதாக இருந்தாலும் அழுத்தம் சின்னதில்லை. 177.6 வோல்ட். நான் முப்பது வருஷம் 12 வோல்ட்டையும் 24 வோல்ட்டையும் வெறும் கையால் தொட்டுப் பழகியவன். இங்கே ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போனேன். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, சர்வீஸ் பிளக்கைக் கழற்றுவது, கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் இருப்பது வடிய 10 நிமிஷம் காத்திருப்பது. அந்த 10 நிமிஷம் சும்மா நிற்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த பாடம்.

ஆனாலும் என் பட்டறையில் ஒரு தப்பு நடந்தது. மே மாதம், ஒரு ஹைப்ரிட் கார் ஆயில் மாற்ற வந்திருந்தது. வெயில் தாங்காமல் உரிமையாளர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. வண்டி அணைந்திருக்கிறது என்று நினைத்து, என் பையன் அடியில் படுத்து ஆயில் போல்ட்டைத் திறந்துவிட்டான். கறுப்பாக ஆயில் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஏ.சி.க்குக் கொடுத்துக் கொடுத்து பேட்டரி இறங்கியிருக்கிறது. அதை நிரப்ப இன்ஜின் தானாகக் கிளம்பிவிட்டது. சூடான ஆயில் பையன் முழங்கையில் தெறித்தது. நான் கத்திய கத்தலில் அவர் பட்டனை அழுத்தி அணைத்தார். சில விநாடிகள்தான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்குக் கொப்புளத்தோடு போயிற்று. போர்டில் 'ரெடி' என்ற பச்சை விளக்கு அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. சொல்லிக்கொடுக்காதது என் குற்றம். இன்றைக்கு என் பட்டறையில், ரெடி விளக்கை அணைத்து, சாவியை வாங்கி ஆபீஸ் அறை ஆணியில் மாட்டிய பிறகுதான் பானெட் திறக்கும்.

அந்த 2022 மார்ச்சில்தான் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். தீயோடு பிழைப்பு நடத்தும் ஊர்க்காரர்கள் நாங்கள். அந்தச் செய்தி எங்களை உலுக்கியது. டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். நான் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: படுக்கிற அறையிலும், வெளியேறுகிற வாசல் வழியிலும் சார்ஜ் போடாதீர்கள். நீட்டிப்பு வயர் வேண்டாம். பிளக் சுட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் ஓட்டத்தைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறேன். திருத்தங்கலிலிருந்து அச்சகத்துக்கும், அங்கிருந்து சாத்தூருக்கும் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், ராத்திரி சொந்த வீட்டில் பிளக் உண்டு என்றால், கரண்டு வண்டிக்கு நான் இரண்டாவது யோசனை சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2019 மின்வாகனக் கொள்கையின்படி பேட்டரி வண்டிக்குச் சாலை வரி விலக்கு கொடுத்தார்கள்; வாங்கும் நாளில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் வசூலுக்கு மாநிலம் மாநிலமாக அலையும் ஏஜெண்ட் என்றால், ஹைப்ரிட் அவருக்குப் பொருந்தும். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் உண்டு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறிய பிறகு சின்ன ஹைப்ரிட்டுக்கு 18, பெரியதற்கு 40. கரண்டு வண்டிக்கு அதே 5. ஒரே பெயர் வைத்தாலும் ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் கணக்கு மாறுகிறது. வாய் மாறுவதில்லை.

போன வருஷம் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள். லேப்டாப்பை மாட்டிக் கோளாறு பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. முதல் நாள் நான் அலமாரியிலிருந்து அந்தப் பழைய அம்பாசடர் டைனமோவை எடுத்து மேசையில் வைத்தேன். முதலாளி கடையை மூடியபோது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு முனையையும் சேர்த்து பேட்டரியைக் கொடுத்தேன். சுற்றியது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வயரைக் கழற்றி, அந்த இடத்தில் மல்டிமீட்டரை வைத்து, புல்லியைத் தன் கையாலேயே ஒரு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டாள். மீட்டரில் எண் ஏறி இறங்கியது.

"ஒண்ணேதான் சார்" என்றாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்கதவில் ஹைப்ரிட் என்று எழுதியிருந்தது. அவள் அந்த எழுத்தைப் பார்க்கவில்லை. முதலில் போர்டில் ரெடி விளக்கைப் பார்த்தாள். அப்புறம் வண்டியைச் சுற்றிவந்து மூடிகளை எண்ணினாள்.